விதையை எடுப்பதா, விதை வைப்பதா? – ஆர்.டி.ஓ.ஜி. 0526 ஆய்வை மரக்காணத்தில் இருந்து படித்த குறிப்பு

"தம்பி, விதையை எடுத்துடணும்னு டாக்டர் சொல்றாரு. எம் பையன் என்னடான்னா விதை வைக்கணும்னு போன்ல படிச்சுக் காட்டுறான். எடுக்கிறதா, வைக்கிறதா? நீ படிக்கிற ஆளாச்சே, பார்த்துச் சொல்லு."

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டது இது. கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன இரண்டு விதையும் வேறு வேறு. டாக்டர் சொன்னது விரையை அகற்றும் அறுவை. ஆண் ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் உற்பத்தியாகிறது. அது நின்றால் புராஸ்டேட் புற்று வாடிப்போகும். பையன் படித்தது கதிரியக்க விதை. அரிசியைவிடச் சின்னதான உலோகக் குச்சிகளைப் புராஸ்டேட்டுக்குள்ளேயே பதிக்கிற சிகிச்சை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்து விழுந்துவிட்டது. ஆனால் அவர் கேள்வி சரியான கேள்விதான். ஒன்று உடம்பு முழுக்கப் போகிற மருத்துவம், இன்னொன்று புற்று இருக்கிற இடத்திலேயே அடிக்கிற மருத்துவம். இரண்டில் எது என்று முடிவு பண்ண என்ன ஆதாரம் இருக்கிறது?

அதற்காக இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். அந்தப் படிப்பின் விமர்சனம்தான் இந்தக் குறிப்பு. நான் டாக்டர் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். சிகிச்சை முடிவுக்கு இதை நம்பாதீர்கள், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

முதலில் பெரியவரின் கதை, சுருக்கமாக. நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் புராஸ்டேட் புற்று என்று தெரிந்து 'கரண்ட்' வைத்தார்கள். நம் பக்கம் கதிர்வீச்சுக்கு அதுதானே பேர். ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை பஸ் பிடித்துப் போய்வந்தார். பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை 0.5 வரை இறங்கியது. பிறகு 1.1, 2.0, இப்போது 3.6. கரண்ட் வைத்தபின் எட்டிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால் நோய் திரும்பியதாகக் கணக்கு. ஃபீனிக்ஸ் வரையறை என்று இதைச் சொல்வார்கள். இவருக்கு 2.5 எல்லை, தாண்டிவிட்டார். ஒரு மருத்துவமனையில் ரிப்போர்ட்டைப் பார்த்த நிமிஷத்தில் "எடுத்துடலாம், இல்லேன்னா மூணு மாசத்துக்கு ஒரு ஊசி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் இல்லை, பயாப்ஸி இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

விதை என்பது என்ன?

அயோடின்-125 என்கிற கதிரியக்கப் பொருளை ஒரு டைட்டானியக் கூட்டுக்குள் அடைத்தது. நீளம் 4.5 மில்லிமீட்டர், தடிமன் 0.8 மில்லிமீட்டர். ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபடி, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக ஊசிகளைச் செலுத்தி விதைகளை வரிசையாக விட்டுவிட்டு வருவார்கள். ஒரே நாள் வேலை. விதைகளைத் திரும்ப எடுப்பதில்லை. அரை ஆயுள் சுமார் 60 நாள் என்பதால் பத்து மாதத்தில் வீரியம் மூன்று சதவீதத்துக்கு வந்துவிடும். இதன் கதிர் பலவீனமானது, சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வேகமாகக் குறையும். ஏற்கெனவே ஒரு முறை கரண்ட் வாங்கிய மலக்குடலும் மூத்திரப்பையும் ஒட்டியே இருக்கின்றன. வெளியிலிருந்து இன்னொரு முறை அதே அளவு பாய்ச்சினால் அவை தாங்காது. உள்ளிருந்து வைத்தால் தாங்கலாம் என்பதே இதன் தர்க்கம்.

இது முழுக்க வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்த அயோடின் விதையை இங்கேயே செய்தது. வைத்த பெயர் 'ஆக்கு-புராஸ்டா'. ஆக்கு என்றால் கண், புராஸ்டா என்றால் புராஸ்டேட். கண்ணுக்குள் வரும் புற்றுக்கு அதைச் சென்னை சங்கர நேத்ராலயாவில் பயன்படுத்தினார்கள். பெயரின் முதல் பாதி நம் ஊருக்கு இப்படி வந்து சேர்ந்தது. பெரியவர் கேட்பது இரண்டாம் பாதியைப் பற்றி.

இனி ஆய்வுக்கு வருவோம்

ஆர்.டி.ஓ.ஜி. 0526. கனடாவின் ஹுவானிட்டா குரூக் தலைமையில் நடந்தது. வெளிக் கதிர்வீச்சுக்குப் பிறகு புராஸ்டேட்டிலேயே திரும்பிய புற்றுக்கு விதை வைத்துப் பார்த்த, பல மையங்கள் சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட்டு நடத்திய முதல் ஆய்வு. அதற்கு முன் இருந்தவை எல்லாம் தனித்தனி மருத்துவமனைகள் பழைய கேஸ் நோட்டுகளைப் புரட்டி எழுதியவை. அந்த வகையில் இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. 2007 மே முதல் 2014 ஜனவரி வரை 20 மையங்களில் 100 பேரைச் சேர்த்தார்கள். கணக்கில் வந்தவர்கள் 92 பேர். பக்கவிளைவு முடிவுகள் 2019-லும், பலன் பற்றிய முடிவுகள் 2022-லும் அச்சாயின.

சேர்க்கப்பட்டவர்கள் யார்? முதலில் வந்தபோதே குறைந்த அல்லது நடுத்தர ஆபத்துள்ள புற்று. கரண்ட் வைத்து 30 மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே. புற்று திரும்பியது பயாப்ஸியில் உறுதியாகியிருக்க வேண்டும். வேறெங்கும் பரவியிருக்கக் கூடாது. இந்த 30 மாதம் சும்மா போட்ட எண் இல்லை. கதிர்பட்ட புற்றுச் செல்கள் உடனே சாகாது. சீக்கிரம் ஊசி போட்டு எடுத்தால் செத்துக்கொண்டிருக்கும் செல்லையும் உயிருள்ளதாகப் படித்துவிடலாம்.

முடிவு: பத்து வருஷத்தில் புராஸ்டேட்டிலேயே மறுபடி வந்தது 5 சதவீதம். தொலைவில் பரவியது 19 சதவீதம். பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது 46 சதவீதம். பத்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். இறந்த 19 பேரில் புராஸ்டேட் புற்றால் இறந்தது 5 பேர். இடைநிலை வயது 70 என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல முடிவுதான். பையன் போனில் படித்துக் காட்டியது அந்த முதல் எண்ணை. நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் திரும்புது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் முதல் மறுப்பு இங்கேதான். 5-க்கும் 46-க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள். விதை வைத்த இடத்தில் புற்று அடங்கிவிட்டது. ஆனாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு பி.எஸ்.ஏ. ஏறியது. அப்படியென்றால் அந்தப் பலரிடம் விதை வைத்த அன்றே புற்று வேறெங்கோ ஒளிந்திருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். பரவவில்லை என்று அன்று சொன்னது அன்றைய எலும்பு ஸ்கேனும் சி.டி.யும். இன்று பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் சென்னையிலேயே இருக்கிறது. சின்னப் பரவலையும் அது முன்னைவிட நன்றாகக் காட்டும். ஆகவே 5 என்ற எண் விதையின் திறமையைச் சொல்கிறது. 46 என்ற எண் ஆள் தேர்வின் குறையைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றை மட்டும் சொல்வது நேர்மையில்லை. ஆய்வாளர்கள் மறைக்கவில்லை, சுருக்கத்திலேயே இரண்டும் இருக்கிறது. எடுத்துச் சொல்கிறவர்கள்தான் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு, எதை வெற்றி என்று வைத்தார்கள் என்பது. ஆய்வின் முதன்மைக் கேள்வி பலன் பற்றியதே அல்ல, பக்கவிளைவு பற்றியது. விதை வைத்த 9 முதல் 24 மாதத்துக்குள் மூத்திர வழியிலோ குடலிலோ மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேலான கோளாறு எத்தனை பேருக்கு? 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம், 20-ஐத் தொட்டால் கூடாது என்று முன்பே கோடு போட்டுக்கொண்டார்கள். வந்தது 14. நான்காம், ஐந்தாம் நிலை யாருக்கும் இல்லை. அது நிஜமாகவே நிம்மதியான செய்தி. ஆனால் 14 என்பது இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுந்த எண். ஏற்கலாமா கூடாதா என்பதை ஆய்வு தீர்க்கவில்லை. படிக்கிறவர் தலையில் விட்டுவிட்டது.

மூன்றாம் நிலை என்றால் மருத்துவமனையில் சேர்க்கும் அளவு, அல்லது உள்ளே கருவி விட்டுச் சரிசெய்யும் அளவு. அதற்குக் கீழே இரண்டாம் நிலை என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி ஒண்ணுக்கு வரும், அடக்க முடியாது, மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம். வீட்டிலும் ஆபீசிலும் இருக்கிறவருக்கு அது தொல்லை, அவ்வளவே. எங்கள் உப்பளத்தில் நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி, வரப்பு, வெயில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. உப்பு வாருகிற நேரத்தில் அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்க வேண்டியிருந்தால் அந்த ஆளை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வின் தலைப்பு எண்ணில் இந்த ஆள் கோளாறு இல்லாதவர் பட்டியலில் இருப்பார். இது 0526-இன் பிழை என்று சொல்லவில்லை, எல்லாப் புற்று ஆய்வும் இந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஓர் எண்ணை இங்கே கொண்டுவரும்போது அது யாருடைய அன்றாடத்தை வைத்து அளந்தது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது, திறமை. 20 மையம், 100 பேர். ஏறக்குறைய ஏழு வருஷம். வகுத்துப் பாருங்கள்: ஒரு மையத்துக்கு ஐந்து பேர், வருஷத்துக்கு ஒருவர்கூட இல்லை. வட அமெரிக்காவிலேயே இவ்வளவு அபூர்வமாக நடந்த சிகிச்சை. அதோடு இன்னொரு கண்டுபிடிப்பு: நோயாளியின் வயதோ, பி.எஸ்.ஏ.வோ பக்கவிளைவை முன்கூட்டிக் காட்டவில்லை. விதைகள் எப்படி அமைந்தன, முழு டோஸ் எவ்வளவு பகுதியை நிரப்பியது என்பதுதான் காட்டியது. அதாவது பாதிப்பு வைக்கிறவர் கையில் இருக்கிறது. நல்ல கைக்காரர்கள் வைத்தே 14 சதவீதம் என்றால் புதிதாகப் பழகுகிறவரிடம் என்ன ஆகும்?

இங்கே ஒரு மாற்று யோசனை தோன்றுகிறது. 150 ஆய்வுகளைத் தொகுத்த 'மாஸ்டர்' என்கிற மறு ஆய்வு யூரோப்பியன் யூராலஜி இதழில் வந்தது. அறுவை, உறைய வைப்பது, ஒலி அலையால் சுடுவது, விதை, தற்காலிக ஊசிக் கதிர், வெளியிலிருந்து குறிபார்த்த கதிர் என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் எந்த முறையிலும் 50 முதல் 60 சதவீதம். அறுவையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் மூத்திரக் கோளாறு அறுவையிலும் ஒலி அலையிலும் 21 சதவீதத்துக்கு மேல். மறு கதிர்வீச்சு முறைகளில் 4 முதல் 8 சதவீதம். இதில் 60-ஐத் தொட்டவை இரண்டு. ஒன்று குறிபார்த்த வெளிக் கதிர், மற்றொன்று தற்காலிக ஊசிக் கதிர். இரண்டாவதில் ஓர் இரிடியம்-192 மூலத்தை ஊசி வழியே உள்ளே அனுப்பி, சில நிமிஷத்தில் திரும்ப இழுத்துக்கொள்வார்கள். உள்ளே எதையும் விட்டு வருவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காக இந்த இயந்திரம் நம் நாட்டுப் பெரிய புற்றுநோய் மையங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே மூலம் நூற்றுக்கணக்கான பேருக்கு ஆகும். விதையோ ஒவ்வொருவருக்கும் தனியாக வரவழைக்க வேண்டிய, நாளுக்கு நாள் வீரியம் குறைகிற பொருள். ஆகவே "எங்களுக்கும் விதை வேண்டும்" என்று கேட்பதைவிட "இருக்கிற இயந்திரத்தைப் புராஸ்டேட்டுக்கும் திருப்புங்கள்" என்று கேட்பது நம் பக்கத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தத் தொகுப்பின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் சின்ன, பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள்.

எடுப்பதற்கு என்ன ஆதாரம்?

இவ்வளவு நேரம் விதை வைப்பவர்களைக் கேள்வி கேட்டேன். விதையை எடுக்கச் சொல்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. 0526-இல் ஒப்பீட்டுக் குழு கிடையாது. விதை வைத்ததால் ஆயுள் கூடியதா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. சரி. ஆனால் பி.எஸ்.ஏ. ஏறிய அன்றே ஹார்மோனை நிறுத்தினால் ஆயுள் கூடும் என்பதும் இந்தக் கட்டத்தில் அவ்வளவு திடமாக நிரூபணமான விஷயமல்ல. வழக்கம் என்பதாலேயே அது கேள்வியில்லாமல் போகிறது.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஹார்மோன் பக்கத்திலும் முக்கிய ஆய்வை நடத்தியது அதே குரூக்தான். 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. கரண்ட் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, பி.எஸ்.ஏ. 3-ஐத் தாண்டிய 1386 பேர். ஒரு பாதிக்கு ஹார்மோன் சிகிச்சையை நிறுத்தாமல் கொடுத்தார்கள். மறு பாதிக்கு விட்டு விட்டுக் கொடுத்தார்கள். இடைநிலை ஆயுள் விட்டுக் கொடுத்தவர்களுக்கு 8.8 வருஷம், நிறுத்தாமல் கொடுத்தவர்களுக்கு 9.1 வருஷம். விட்டுக் கொடுப்பது சளைத்ததல்ல என்பதே முடிவு. விட்டுக் கொடுத்தவர்களுக்கு உடல் சூடேறுவது, அசதி, ஆண்மைக் குறைவு எல்லாம் குறைவாக இருந்தன.

பெரியவர் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு குழுவுமே ஒன்பது வருஷம் போல வாழ்ந்திருக்கிறது. இது மெதுவாக நகர்கிற நோய்; ரிப்போர்ட் வந்த நிமிஷத்தில் முடிவெடுக்கிற அவசரம் பெரும்பாலும் கிடையாது. இரண்டு, ஊசியென்றால் நடுவில் நிறுத்திப் பார்க்கலாம். எடுத்துவிட்டால் நிறுத்த வழியில்லை. ஒரு தடவைச் செலவு, மறுபடி பஸ் ஏற வேண்டாம் என்ற வசதிக்காக ஏழை வீட்டு ஆளுக்கு 'எடுத்துடலாம்' என்று சொல்கிறோம். எலும்பு முற்றிப் பரவிய நோயாளிக்கு அது நல்ல, மலிவான, உடனடி சிகிச்சை, மறுக்கவில்லை. பரவியதா என்றே தெரியாதவருக்கு அதைச் சொல்வது வேறு. தசை கரையும், எலும்பு மெலியும். பாத்தியில் உப்பு வாரிப் பிழைப்பவருக்கு அந்தத் தசைதான் சொத்து.

அப்ப என்னதான் சொல்ல வர்றேன்?

இதைத்தான். 0526 சொல்கிற நல்ல செய்தி விதையைப் பற்றியது மட்டுமல்ல. விதை வைக்கும் முன் அவர்கள் செய்த காரியங்களைப் பற்றியது. பி.எஸ்.ஏ.வை ஒழுங்காகத் தொடர்ந்து எடுத்தார்கள். 10-ஐத் தாண்டும் முன்னே பிடித்தார்கள். பரவலைத் தேடினார்கள். பயாப்ஸி செய்தார்கள். அதன் பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தார்கள். மரக்காணத்தில் கரண்ட் முடித்து வருகிறவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து, அந்த எண்களை ஒரே நோட்டில் வரிசையாக எழுதி வைப்பதுதான் முதல் தேவை. பெரியவரிடம் நான்கு எண்கள் இருந்தன. நான்கும் வேறு வேறு லேப் சீட்டு, இரண்டு சீட்டில் தேதி அழிந்திருந்தது. எண் எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது என்று பார்க்கத் தேதி வேண்டும். மெதுவாக இரட்டித்தால் நோய் இடத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். வேகமாக இரட்டித்தால் பரவியிருக்கலாம். இது தெரியாமல் எந்த விதையைப் பற்றியும் பேச முடியாது. முதலிலேயே ஹார்மோன் ஊசி போட்டுவிட்டால் பி.எஸ்.ஏ. விழுந்துவிடும், பயாப்ஸியைப் படிப்பதும் சிரமமாகும். கேட்க வேண்டிய கேள்வியை அந்த ஊசி மூடிவிடுகிறது.

அவரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு எண் இல்லாமல். டாக்டரிடம் மூன்று கேட்கச் சொன்னேன். பரவியிருக்கா என்று ஸ்கேன் பார்த்தாச்சா? புராஸ்டேட்டிலேயே திரும்பியிருக்கு என்றால் அங்கேயே செய்ய ஏதாவது உண்டா, அதற்கு எங்கே போகணும்? உடனே ஹார்மோன் ஆரம்பிக்காமல் மூன்று மாதம் பார்த்தால் எனக்கு என்ன நஷ்டம்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஸ்கேனுக்கு மெட்ராஸ் போகணும்ல? இப்ப வாருற நேரம், மழைக்கு முன்னாடி முடிச்சுட்டுப் போறேன்" என்றார். வேண்டாம், இந்த மாதமே போங்கள் என்று பையனும் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தேதி அழிந்த இரண்டு சீட்டுக்கும் லேபில் போய்ப் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து வந்தான் பையன். 1.1-இலிருந்து 3.6-க்கு வர இருபத்தாறு மாதம் ஆகியிருக்கிறது. அந்த வேகம் ஸ்கேன் பார்க்காமல் எடுத்துவிடச் சொல்கிற வேகம் இல்லை என்பது என் படிப்பு. சரியா என்று டாக்டர்தான் சொல்லணும். ஸ்கேன் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.